மயிலைக்கு வந்த ஈ

“ஈ போகவே மாட்டேங்குதும்மா” என்றார் சோமநாதன்.

மங்கையம்மாள் அப்போதுதான் மூன்று மாத யாத்திரை முடிந்து மடத்துக்குள் கால் வைத்திருந்தார். தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை.

குருவான அம்மாவுக்கு வயது நாற்பது. சீடர் சோமநாதனுக்கு அறுபத்திரண்டு. மனைவி போய், நில அளவை அலுவலக வேலையும் ஓய்ந்த பிறகு, அமைதி தேடி மலையடிவாரத்துக்கு வந்தவர் அவர். மடம் என்று பெயர்தான் பெரிது. இரண்டு ஓட்டு அறை, ஒரு குளம், ஒரு கொட்டகை, மயிலை என்று ஒரு பசு. அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் அம்மா போயிருந்தார்.

மயிலை நிலைகொள்ளாமல் காலை உதைத்துக்கொண்டிருந்தது. முன்னங்கால் முழுக்க ஈ. கடித்த இடமெல்லாம் ரத்தம் பொட்டுப் பொட்டாக நின்றது. விலா எலும்பை எண்ணிவிடலாம். மூன்று லிட்டர் கறந்த மாடு இப்போது ஒரு செம்புக்கே மூக்கால் அழுதது.

செய்யாத வைத்தியம் இல்லையாம். நொச்சித் தழையில் மூட்டம் போட்டாராம், வேப்பெண்ணெய் தடவினாராம், சாக்கைக் கிழித்துக் காலில் கட்டினாராம். துண்டால் விசிறி விசிறி ஜபத்தையும் கோட்டை விட்டாராம்.

அம்மா குளக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சடையன் மாடெல்லாம் எங்க? இந்நேரம் தண்ணி காட்ட வந்திருக்கணுமே.”

“நான்தான் வர வேண்டாம்னுட்டேன். அவங்க மாட்டோடதான் ஈ வருது.”

குளத்தைச் சுற்றி முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்.

சடையனும் அவர் மனைவியும் ஊர் மாடு மேய்ப்பவர்கள். உச்சிவேளையில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் புளிய மரத்தடியில் உட்கார்ந்து, யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சண்டை என்று பேசுவார்கள். தூக்குச்சட்டியில் இருப்பதில் சோமநாதனுக்கும் ஒரு வாய் வரும். அது நின்று நாற்பது நாள். வர வேண்டாம் என்றதும் மாட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

நாற்பது நாளாக அவர் மயிலையோடு மட்டும்தான் பேசினார். தேடி வந்த அமைதி கிடைத்துவிட்டது. உச்சிவேளையானால் புளிய மரத்தடி வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“அடைச்ச பிறகு ஈ குறைஞ்சுதா?”

“கூடியிருக்கும்மா.”

அம்மா பையை இறக்கி வைத்தார். ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் நடந்தார்.

அங்கே இடுப்பு உயரத்துக்குச் சாணம். சிவராத்திரிக்குத் திருநீறு சுடச் சேர்த்தது. உருட்டி வெயிலில் காயப்போடுவதுதான் மடத்து வழக்கம். வெயிலில் கிடந்தால் நாய் தாண்டும், காக்கை எச்சமிடும் என்று சோமநாதனுக்குப் பயம். சுத்தமாக இருக்கட்டும் என்று நிழலில் குவித்து, வைக்கோல் போட்டு மூடிவிட்டார். மழையில் வைக்கோல் நன்றாக ஊறியிருந்தது.

அம்மா குச்சியால் கிளறினார்.

உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிந்தது. அப்போதுதான் கூடு விட்ட ஈக்கள் சில, சிறகு விரியாமல் வைக்கோல் மேல் ஊர்ந்தன.

சோமநாதன் பார்த்தபடி நின்றார்.

“இதைப் பரப்பிக் காய வெச்சா போயிருமாம்மா?”

“இருபது நாள்ல அடங்கிரும்.”

“முள்ளையும் இப்பவே எடுத்துடறேன். சடையன் வருவாரா?”

“அவர் மாடு இந்நேரம் கீழக்குளத்துக்குப் பழகியிருக்கும்.”

சோமநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா கொட்டகைக்குள் போய் மயிலையை அவிழ்த்து, கயிற்றைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

“நீங்க இதை அங்க ஓட்டிக்கிட்டுப் போங்க.”

“ஈ அடங்கினதும் போறேம்மா.”

“இன்னிக்கே போங்க.”

“இத்தனை ஈயோடயா?”

“ஆமா. கரையில நின்னு, தண்ணி காட்டலாமான்னு சடையன்கிட்ட கேளுங்க.”