சீட்டில் ஏறாத சூடு

கேத்தியில் பிலோமினா நடத்தும் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடைக்கு நஞ்சுண்டன் தொழில் கற்க வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. குருவுக்கு முப்பத்தைந்து.

இருபத்தாறு வருடம் லாரி ஓட்டிய மனிதர் திடீரென்று ஸ்டீயரிங்கை விட்டு இறங்கிவிட்டார். கேட்டவர்களிடம், ஓட்டி ஓட்டி அலுத்துவிட்டது என்று சொல்லி வைத்திருந்தார். பச்சைப் பொய். முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து இடுப்புக்குக் கீழே பின்பக்கம் மரத்துப்போயிருந்தது. கிள்ளினாலும் தெரியாது. பிலோமினாவிடம் இதைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் இங்கிருந்தும் அனுப்பிவிடுவார்களோ என்று பயம். உள்ளுக்குள் பயம் இருந்ததால் வெளியே வீறாப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

ஒருநாள் ரபீக் தன் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். விடியற்காலையில் கேரட் மூட்டைகளோடு மலையிறங்குகிறவன். குளிரில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, சீட்டுக்குச் சூடு வேண்டும் என்றான். உறைக்கு அடியில் பரப்புகிற, கம்பி ஓடிய விரிப்பு ஒன்றும் கையோடு வாங்கி வந்திருந்தான். சாயங்காலம் வண்டி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

"இதை நீங்களே முழுசாப் பண்ணுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் பிலோமினா சாமான் வாங்கக் குன்னூர் போனார். ஆறு மாதத்தில் முதல்முறையாகத் தனி வேலை. நஞ்சுண்டனுக்குத் தலைகால் புரியவில்லை.

பிலோமினா திரும்பி வந்தபோது, நஞ்சுண்டன் அந்த சீட்டிலேயே உட்கார்ந்து நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்கண்ணா."

"ஃபியூஸ் சரி. எர்த் சரி. ஒயர் எல்லாம் சரி. இருந்தும் சூடு ஏறல. எல்லாம் சரியா இருந்தும் ஒண்ணு வேலை செய்யலைன்னா, தப்பை எங்கங்க தேடுறது?"

பிலோமினா குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார். சூடு அளவை மீறினால் கரண்ட்டை நிறுத்துகிற தெர்மோஸ்டாட் தனியே வெட்டப்பட்டுத் தரையில் கிடந்தது. அதற்குப் போன இரண்டு ஒயர்களும் ஒன்றோடொன்று முறுக்கி டேப் சுற்றப்பட்டிருந்தன.

"இதை ஏன் வெட்டினீங்க?"

"அதுதான் சூட்டை நிறுத்துதோன்னு நினைச்சேன். நேராக் குடுத்துட்டேன்."

"இப்ப எப்படி இருக்கு?"

நஞ்சுண்டன் சீட்டில் அசைந்து உட்கார்ந்து பார்த்தார்.

"இப்பத்தான் லேசா வர்ற மாதிரி இருக்குங்க."

"எவ்வளவு நேரமா உக்காந்திருக்கீங்க?"

"கால் மணி இருக்கும்."

"எழுந்திருங்க."

எழுந்தார். பிலோமினா சீட்டில் உள்ளங்கையை வைத்தார். தோசைக்கல்லைத் தொட்டதுபோல உடனே எடுத்துவிட்டு ஸ்விட்சை அணைத்தார்.

"இப்ப நீங்க கையை வைங்க."

நஞ்சுண்டன் வைத்தார். சுளீரென்று சுட்டது. அப்போதுதான் பேண்ட் துணி பொசுங்கிய வாடை அவர் மூக்குக்கு எட்டியது. நாளை விடியலில் இதே சீட்டில் உட்கார்ந்து, கொண்டை ஊசி வளைவில் ரபீக் துள்ளியிருப்பான் என்பது அவருக்கு உறைத்தது.

"மொதல்ல போய்த் தொடையில தண்ணி ஊத்துங்க" என்றார் பிலோமினா.

ஊற்றினார். தோல் சிவந்து தடித்திருந்தது. அந்த எரிச்சல்கூட அவருக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னார், ஆபரேஷன், லாரியை விட்டது, அலுப்பு என்று ஊரை ஏமாற்றியது எல்லாம்.

பிலோமினா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நஞ்சுண்டனுக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

"சூடு தெரிஞ்சது இந்த வண்டியில தெர்மோஸ்டாட் ஒண்ணுக்குத்தான். அதை வெட்டிப் போட்டுட்டு நீங்க உக்காந்துட்டீங்க. திரும்ப மாட்டுங்க."

நஞ்சுண்டன் மாட்டினார். விரிப்பு கருகியிருக்கிறதா என்று பிலோமினா இழை இழையாகப் பார்த்தார். பழுதில்லை. உறையை மூடும்போது ரபீக் வந்து சேர்ந்தான்.

"ஏறி உக்காரு தம்பி. ஸ்விட்சைப் போட்டிருக்கேன்" என்றார் நஞ்சுண்டன். பக்கத்திலேயே நின்றார். பத்து நிமிடம் கழித்துக் கேட்டார். "சூடு எப்படிப்பா இருக்கு? சுடுதா?"

"இல்லண்ணா, இதமா இருக்கு. இதுக்கு மேல வேணாம்."

"நிஜமாத்தானே?"

"அட, நிஜமாத்தாண்ணா. இப்படியே தூங்கிடுவேன்போல."

"தூங்கித் தொலைக்காதே, வளைவு இருக்கு" என்று சிரிக்கப் பார்த்தார் நஞ்சுண்டன். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

வண்டி போய்விட்டது. அவர் ஸ்பேனர்களைத் துடைத்து ஆணியில் மாட்டினார். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கடை வாசலில் நின்றார்.

"ஆறு மாசமா உங்ககிட்ட மறைச்சுட்டேங்க. எம்பட உடம்புல சூடு ஏறுறதே எனக்குத் தெரியல. நான் அடுத்தவங்க வண்டியில கை வைக்கலாங்களா? நாளைக்கு வரட்டுமா, வேண்டாமா?"

பிலோமினா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நின்றார்.

"ரிலே மாட்டினா டிக்குன்னு ஒரு சத்தம் வரணும். ஒவ்வொரு தடவையும் உங்களைக் கூப்பிட்டு, சத்தம் வந்துச்சாண்ணான்னு கேப்பேன். உங்களைப் பரீட்சை பண்றேன்னா நினைச்சீங்க? அவ்வளவு சின்னச் சத்தம் எனக்குக் கேக்காதுங்கண்ணா."