கையெழுத்துப் போடமாட்டேன் என்ற ராஜா

வேம்பாற்றுச் சீமையை ஆண்ட உத்தண்டராயருக்கு ஒரு பைத்தியம். யானை சேர்த்தாரா, முத்து சேர்த்தாரா? அதெல்லாம் இல்லை. செத்துப்போன ராஜாக்களின் கையெழுத்தைச் சேர்த்தார்! எந்தக் காலத்து ஓலையானால் என்ன, அடியில் ஒரு ராஜாவின் கைச்சாத்து இருந்தால் போதும். சந்தனப் பேழையில் பட்டுத்துணி விரித்துப் படுக்க வைத்துவிடுவார். பெற்ற பிள்ளையைக்கூட இந்த மனுஷன் இப்படிச் சீராட்டியதில்லையே என்று மகாராணிக்கு ஒரே எரிச்சல்.

இந்த ஓலைகளைக் கொண்டுவந்து விற்கிறவன் ரத்தினகிரி. பலே கைகாரன்! ஒருநாள் ராஜா அவனிடம் ஆசையாகக் கேட்டார்.

“என் கையெழுத்துக்கு என்னய்யா மதிப்பு?”

ரத்தினகிரி உதட்டைப் பிதுக்கினான். “மகாராஜா கோபித்துக்கொள்ளக் கூடாது. தாங்கள்தான் தினம் தினம் போட்டுத் தள்ளுகிறீர்களே! சந்தைக் கத்தரிக்காய் மாதிரி மலிந்து கிடக்கிறது. தங்கள் பாட்டனார் ஆயுளில் போட்டதே இரண்டு கையெழுத்துதான். அதனால்தான் அதற்கு அந்த விலை!”

அவ்வளவுதான். ராஜா எழுத்தாணியைத் தூக்கி மூலையில் எறிந்தார். “இனி நான் கையெழுத்தே போடப்போவதில்லை!”

முதலில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. தண்டனை முடிந்த கைதி விடுதலை ஓலை வராமல் சிறையிலேயே உட்கார்ந்திருந்தான். படைத்தலைவர் தம் மகள் கல்யாணத்துக்குப் போக உத்தரவில்லாமல் கையைப் பிசைந்தார். எல்லாவற்றுக்கும் மேலாகப் பெரிய ஏரி! ராஜாவின் கைச்சாத்து இல்லாமல் அதன் மடையைத் தொட்டவன் தலை தப்பாது. ஏரியில் தண்ணீர் தளும்பியது. கீழே வயலில் நாற்று கருகியது.

ஊர்த்தலைவர் செங்கோடன் நேரே நல்லாண்டான் வீட்டுக்கு வந்தார். நல்லாண்டான் ராஜசபையில் விகடம் பேசிப் பிழைக்கிறவர்.

“நாளைக்குத் தண்ணி வரலேன்னா நாத்து போச்சுங்கய்யா. ஏரிக்குக் கீழே இருக்கிற அத்தனை ஊரும் போச்சு. நீங்கதான் ஏதாச்சும் பண்ணணும்.”

அன்று காலையில்தான் நல்லாண்டான் இதே விஷயமாக ராஜாவிடம் கெஞ்சிப் பார்த்திருந்தார். “இன்னொரு தடவை கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்டால் உன்னைச் சீமையை விட்டே துரத்திவிடுவேன்!” என்று ராஜா கத்தியிருந்தார். நல்லாண்டானுக்குப் போக வேறு ஊரும் கிடையாது. ஆனால் செங்கோடன் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியாது என்று சொல்ல மனசு வரவில்லை.

“நாளைக்குச் சபைக்கு வாங்க. நல்லா ஓடுவீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் சபையில் நல்லாண்டான் ஓர் ஓலையை நீட்டினார். பார்வைக்கு வெற்று ஓலை. அடியில் மட்டும் கரி தடவிய ஒரு கிறுக்கல்.

“மகாராஜா, இது தங்கள் கையெழுத்து என்கிறார்கள். ரத்தினகிரி பார்த்துச் சொல்லட்டும்.”

ரத்தினகிரி வாங்கினான். ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். ஓலையை முகர்ந்துகூடப் பார்த்தான்.

“அசல்! சந்தேகமே வேண்டாம். இந்த வளைவில் என்ன கம்பீரம்!”

ராஜா எட்டிப் பார்த்தார். “இதுவா? கோழி கிளறின மாதிரி இருக்கிறதே! இதை நான் போடவில்லை.”

“போட்டிருக்கிறீர்கள் மகாராஜா. மறந்திருப்பீர்கள்.”

“என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?”

“கையெழுத்து விஷயத்தில் அடியேன் இதுவரை தவறியதே இல்லை.”

ராஜாவின் மீசை துடித்தது. “அடேய், எழுத்தாணியைக் கொண்டா!”

நல்லாண்டான் மடியிலேயே தயாராக வைத்திருந்தார். ராஜா அதைப் பிடுங்கி, அந்தக் கிறுக்கலுக்குப் பக்கத்திலேயே சரசரவென்று கீறினார். “இதோ பார்! இதுதான் உத்தண்டராயன் கையெழுத்து!”

“சரியாகத் தெரியவில்லையே மகாராஜா, கொஞ்சம் இருங்கள்” என்று நல்லாண்டான் விளக்குக் கரியை எடுத்து ஓலை முழுக்கத் தேய்த்தார்.

புதிதாகக் கீறிய எழுத்து, கரி தடவுகிறவரை கண்ணில் படாது. எழுத்தாணி பிடித்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். கோபத்தில் ராஜா அதை மறந்துவிட்டார். வெற்று ஓலையிலிருந்து நல்லாண்டான் முன்பே கீறி வைத்திருந்த வரி ஒன்று கறுப்பாக எழுந்து வந்தது. ‘பெரிய ஏரி மடையை இன்றே திறக்கவும்.’ கீழே ராஜாவின் கைச்சாத்து ஜம்மென்று உட்கார்ந்திருந்தது!

செங்கோடன் ஓலையைப் பறித்துக்கொண்டு ஓட்டம் பிடித்தார். பாவம், கும்பிடு போடக்கூட மறந்துவிட்டார்.

“நல்லாண்டான்!” என்று ராஜா உறுமினார்.

“ஏமாற்றிவிட்டாயே! தொலையட்டும். மடை திறந்ததும் அந்த ஓலையை எனக்குத் திருப்பிக் கொண்டுவா. பேழையில் வைக்க வேண்டும்.”

“அது வராது மகாராஜா. உத்தரவு ஓலையை முதல் தண்ணீரிலேயே மிதக்க விடுவது மடைக்காரர்கள் வழக்கம்.”

“ஐயையோ! அவ்வளவு நாள் காத்து வைத்திருந்து போட்ட கையெழுத்தாயிற்றே!”

“அதனால் என்ன? தங்கள் பாட்டனார் கையெழுத்தாவது இரண்டு இருக்கிறது. இந்தக் கையெழுத்து உலகத்திலேயே கிடையாது. இதைவிட அருமையானது எங்கே இருக்கிறது?”

ராஜா விழித்தார். மீசை ஒரு பக்கம் ஏறியது. பிறகு தொந்தி குலுங்க ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், தூணில் இருந்த புறாவெல்லாம் பறந்துபோயின. சிரித்து முடித்து, “ஆமாம், அந்தப் பேழையில் இருப்பதெல்லாம் யார் கையெழுத்து?” என்று திரும்பினார். ரத்தினகிரி எப்போதோ நழுவியிருந்தான். அவனுடைய செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது.

அன்று ராஜா கை வலிக்க வலிக்கக் கையெழுத்துப் போட்டார். கைதி வெளியே வந்தான். படைத்தலைவர் கல்யாணத்துக்குக் குதிரையில் பறந்தார். கடைசியாக நல்லாண்டானுக்கு ஒரு மாந்தோப்பை எழுதிக் கையெழுத்திட்ட ராஜா, ஓலையைக் கொடுக்காமல் குறும்பாகப் பார்த்தார்.

“இதையும் தண்ணீரில் விட்டுவிடலாமா? ரொம்ப அருமையாகிவிடுமே!”

நல்லாண்டான் ஒரே பாய்ச்சலில் ஓலையைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டார்.

“வேண்டாம் மகாராஜா! இது ஒன்று மட்டும் மலிவாகவே இருந்துவிட்டுப் போகட்டும்!”