காளத்தியார் மண்டகப்படி

வீடில்லாதவர்கள் வந்து படுப்பதற்கென்று திருமுல்லைவாடி நகராட்சி ஒரு காப்பகம் நடத்தி வந்தது. வடக்கு மாட வீதியில், ஒரு காலத்தில் சந்தை மூட்டைகளை அடுக்கி வைத்த பழைய கிடங்குதான் அது. அங்கே கூட்டிப் பெருக்குகிற வேலை காளத்தியாருக்கு. வேலை அதோடு நின்றதா என்ன? கழிப்பறை கழுவுவது அவர், கம்பளி துவைப்பது அவர், சீழ் பிடித்த காலுக்கு மருந்து வைத்துத் துணி சுற்றுவது அவர், குடித்துவிட்டு வாந்தி எடுத்தவனை முகம் சுளிக்காமல் துடைத்துப் படுக்க வைப்பதும் அவர். சம்பளம் ஒப்பந்தக்காரர் மனம் வைத்தால் வரும்.

பொழுது சாய்ந்ததும் அவருடைய பூசை தொடங்கும். கோயிலில் அல்ல, காப்பகத்து வாசலில். மூட்டை முடிச்சோடு வருகிற ஒவ்வொருவரையும் "வாங்க சாமி" என்று கும்பிட்டு, நெற்றியில் திருநீறு இட்டு உள்ளே அனுப்புவார். திருநீறு வேண்டாம் என்பவர்களுக்குக் கும்பிடு மட்டும். ஊரில் கோயில் கொண்டிருக்கும் அஞ்சேலீசர் மீது அவருக்கு அப்படி ஒரு பித்து. ஏனய்யா இந்தக் கூத்து என்று யாராவது கேட்டால், "எங்க சாமிக்கே சொந்த வீடு கெடையாது, சுடுகாட்டுல படுக்கறவரு. வர்றவங்கள்ல அவரு யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? வம்பே வேணாம்னு எல்லாரையும் கும்புட்டுடறேன்" என்பார். ஊரார் அவரைக் கிறுக்கு என்றார்கள். அவரும் மறுத்துப் பேசவில்லை.

காப்பகம் எப்படி ஓடியது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை விளங்காது. பணம் மேலிருந்து வந்தது. சென்னையிலிருந்து ஆண்டுதோறும் ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். இன்னும் கொடுக்கலாமா, நிறுத்தலாமா என்று அவர் சொல்வதுதான் முடிவு. அந்த ஆண்டு கூரைத் தகரம் பல இடங்களில் ஓட்டையாகியிருந்தது. கம்பளிகள் நூலாகிவிட்டன. கல்யாணங்களில் பேண்டு வாசித்துப் பிழைத்து, நெஞ்சு கெட்டுப்போய் வந்து சேர்ந்திருந்த ஏழுமலை என்ற முதியவர் ஓயாமல் இருமிக்கொண்டிருந்தார். அதிகாரி வந்து இதையெல்லாம் பார்த்தால் ஏதாவது செய்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

ஆனால் பெரியவர் ஒருவர் வருகிறார் என்றதும் காளத்தியாருக்குக் கை சும்மா இருக்கவில்லை. தரையைத் தேய்த்துக் கழுவினார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். சொந்தக்காரர் வீடுகளில் கெஞ்சிக் கூத்தாடி நல்ல போர்வைகளை இரவல் வாங்கி விரித்தார். ஒழுகிய இடங்களைப் பலகையால் மறைத்து, அதன் கீழே அஞ்சேலீசர் படத்தை வைத்து மாலை சாத்தினார். காப்பகத்தில் கஞ்சி காய்ச்சி வந்த அவர் மனைவி பச்சையம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இதைப் பார்த்தார்.

"ஒழுகற எடத்தக் காட்டுய்யா. கல்யாண வீடு மாதிரி சோடிக்கறியே."

"வூட்டுக்கு வர்றவங்கள அழுக்குல ஒக்கார வைக்கறதா பச்ச? வர்றவரு யாருன்னு நமக்குத் தெரியுமா?"

"ஆபீசருய்யா. ஆபீசரு மட்டுந்தான்."

காளத்தியார் கேட்கவில்லை. வாசலில் கோலம் போடச் சொன்னார். எல்லோரையும் குளிப்பாட்டி, தலை வாரி உட்கார வைத்தார். ஏழுமலைக்கு மிளகுக் கஷாயம் கொடுத்து இருமலை அடக்கினார். அதிகாரி வந்தார், சுற்றிப் பார்த்தார், பச்சையம்மாள் வைத்த பாயசத்தையும் குடித்தார். அவருக்கு ஒரே மகிழ்ச்சி. "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க. இவ்வளவு வசதியா இருக்கற நகராட்சிக்கு எங்க பணம் எதுக்கு?" என்று நகராட்சி ஆணையரின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஆணையரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அந்தப் பாராட்டு எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது அவருக்கும் தோன்றவில்லை.

அடுத்து உத்தரவு வந்தது. இந்த நகராட்சி தன் காலில் நிற்கிறது, இனி சொந்த வருவாயிலிருந்தே காப்பகத்தை நடத்திக்கொள்ளட்டும், அரசுப் பணம் நலிந்த ஊர்களுக்குப் போகும் என்றது உத்தரவு. நகராட்சியோ தெருவிளக்குக்கே திண்டாடியது. மன்றம் கூடி, நிதிநிலை சீராகும் வரை காப்பகத்தைத் தற்காலிகமாக மூடுவதென்று தீர்மானம் போட்டது. தற்காலிகம் என்ற சொல்லுக்கு அலுவலகங்களில் எத்தனை நீண்ட ஆயுள் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. உள்ளே இருந்தவர்களை வெளியேற்றிப் பூட்டுப் போட்டு, அரக்கு முத்திரையும் வைத்தார்கள். மழைக்காலம் தொடங்கியிருந்தது.

காளத்தியார் கால் தேய நடந்தார். மாவட்ட அலுவலகத்தில் போய் நின்றால், "இது நகராட்சியோட பொறுப்புய்யா, அங்க போய்க் கேளு" என்றார்கள். நகராட்சியில் போய் நின்றால், "இது மாநிலத் திட்டம், எங்களுது இல்ல" என்று கை விரித்தார்கள். ஒருவர் கூடவா என்னுடையது என்று சொல்ல மாட்டார்? அந்தப் பாவி மனிதரைப் பந்து மாதிரி அங்கும் இங்கும் உதைத்தார்கள், நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

காப்பகத்தில் இருந்தவர்கள் திக்குக்கு ஒருவராகப் போனார்கள். போக்கிடமே இல்லாத சிலர் பூட்டிய கிடங்கின் தாழ்வாரத்தில் ஒண்டிக்கொண்டார்கள். ஒரு கால் விளங்காத குப்பம்மா அவர்களில் ஒருத்தி. ஏழுமலைக்கு ஈரம் ஆகாது என்று, காளத்தியார் அவரைப் பேருந்து நிலையத்தின் உட்புறமாகக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார். அங்கிருந்தும் யாரோ துரத்தியிருக்கிறார்கள். ஒரு விடியற்காலையில் கட்டணக் கழிப்பறைச் சுவரோரம், தண்ணீரில் பாதி உடம்பு கிடக்க, ஏழுமலை செத்துக் கிடந்தார்.

நகராட்சி வண்டி வந்தது பாருங்கள், அத்தனை வேகம். கேட்பாரற்ற பிணம் எடுக்கத் தனி நிதி இருக்கிறதாம். அதைச் சொன்னவர் சுகாதார ஆய்வாளர். "செலவப் பத்திக் கவலப்படாதப்பா, அதெல்லாம் நாங்க பாத்துப்போம்" என்று நல்ல மனத்தோடுதான் சொன்னார்.

"படுக்க எடம் கேட்டப்போ இல்லாத காசுங்களா இது?" என்று காளத்தியார் கேட்டார். காளத்தியாரே சுடலைக்குப் போய், ஏழுமலைக்குப் பிள்ளை இருந்தால் என்னவெல்லாம் செய்வானோ அத்தனையும் செய்து முடித்தார்.

அதற்குப் பிறகு ஊர்வாய் சும்மா இருக்குமா? டீக்கடையில், "காளத்தி, ஒன் கோலந்தாண்டா அந்த எடத்துக்குப் பூட்டு. சோடிச்சு சோடிச்சே அந்த ஆபீசரத் திருப்பி அனுப்பிட்டியே" என்றார்கள். கேலிக்குச் சொன்னதுதான். ஆனால் அது அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அது பொய்யில்லை என்று அவருக்கே தெரியும். சோறு இறங்கவில்லை. ஆனாலும் விடிந்தால் போய்ப் பூட்டிய கிடங்கின் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தார். பொழுது சாய்ந்தால் தாழ்வாரத்தில் கிடப்பவர்களை "வாங்க சாமி" என்று கும்பிட்டார். உள்ளே அனுப்பத்தான் வழியில்லை.

பச்சையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "இவ்ளோ ஆச்சு, இன்னும் அந்த சாமியையா கும்புடற?" என்று கேட்டுவிட்டார்.

"வேற யாருகிட்டப் போயி நிக்கறது பச்ச? மத்தவங்க எல்லாரும் எங்களுது இல்லன்னு சொல்லிட்டாங்க. அவரு ஒருத்தருதான் இன்னும் சொல்லல."

பச்சையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனார். தாழ்வாரத்தில் இருப்பவர்களுக்கு அவர் இன்னும் கஞ்சி காய்ச்சிக்கொண்டுதான் இருந்தார்.

கார்த்திகைத் திருவிழா வந்தது. மாலையில் அஞ்சேலீசர் சப்பரத்தில் எழுந்தருளி மாட வீதிகளில் உலா வந்தார். ஆணையர் முன்னால் கை கூப்பி நடந்தார். அன்று விழாவுக்கு வந்திருந்த மாவட்ட அலுவலகத்து மேலாளரும் பக்கத்தில் நடந்தார். வடக்கு வீதியில் திரும்பியதும் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையா அது? காற்றில் குடை கிழிந்து பறந்தது, பந்தங்கள் அணைந்தன, சப்பரம் தூக்கியவர்களுக்குக் கண் தெரியவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒரே கூரை அந்தப் பூட்டிய கிடங்குதான்.

"தொறங்கய்யா, சாமி நனையுது" என்று தூக்கியவர்கள் கத்தினார்கள். ஆணையர் பதறிப்போய்த் தலையாட்ட, யாரோ ஒரு கல்லை எடுத்து முத்திரையோடு பூட்டை உடைத்தார்கள். சாமி உள்ளே இறங்கினார். சாமிக்குப் பின்னால் பெரிய மனிதர்கள் புகுந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் அவர்கள் வீட்டுப் பெண்கள். கிடங்கு நிறைந்துவிட்டது. தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டு, சாரலில் நனைந்தபடி நின்றார்கள். காளத்தியாரும் அவர்களோடு வெளியே நின்று, இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டார்.

மழை விட்டது. தூக்குங்கள் என்றார்கள். தோள் கொடுத்தார்கள், சப்பரம் அசையவில்லை. ஆள் மாற்றிப் பார்த்தார்கள், அப்போதும் அசையவில்லை. நனைந்த மரம் கனக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். சாமியோடு வந்திருந்த கோயில் அர்ச்சகர் சபேச குருக்கள் முன்னால் வந்தார்.

"உலாவுல சுவாமி இறங்கினா அது மண்டகப்படி. அந்த இடத்துக்காரா வந்து வரவேத்து, தேங்கா உடைச்சு அருச்சனை பண்ணணும். அப்பறந்தான் சுவாமி கிளம்பணும். இது யாரோட இடம்? வந்து பரிவட்டம் கட்டிக்கோங்கோ" என்று பட்டுத் துணியைக் கையில் எடுத்தார்.

பரிவட்டம் என்றால் ஊரில் அடித்துக்கொள்வார்கள். அன்று ஒருவரும் அசையவில்லை. எங்களுடையது என்று சாமி முன்னால், ஊர் முன்னால் சொல்லிவிட்டால், நாளைக்கு நடத்த வேண்டும். ஆணையர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் கூரையைப் பார்த்தார், அங்கே ஒழுகிக்கொண்டிருந்தது. குருக்கள் பட்டுத் துணியை நீட்டியபடி நின்றார்.

வாசலில் இருந்து குப்பம்மாவின் குரல் வந்தது. "எங்க காளத்தி எடம் சாமி அது."

கூட்டம் விலகியது. காளத்தியார் உள்ளே வந்தார், ஆனால் தலையை நீட்டவில்லை. "எனக்கு வேணாங்க சாமி. இந்த எடத்துக்குப் பூட்டு வரக் காரணமே நாந்தான். நல்லா இருக்கற மாதிரி சோடிச்சு வச்சேன். அதனால பணத்த நிறுத்திட்டாங்க, ஒரு உசுரு போயிடுச்சு" என்று சொல்லி அழுதார்.

"யாருக்காக சோடிச்ச?" என்றார் குருக்கள்.

"வர்றது சாமியா இருந்துட்டா என்னா பண்றதுன்னு..."

குருக்களுக்கும் கண் நிறைந்துவிட்டது. பரிவட்டத்தைக் காளத்தியாரின் நனைந்த தலையில் தம் கையாலேயே கட்டினார். "சரிப்பா, வந்துட்டார். அருச்சனைக்குப் பேர் சொல்லு."

காளத்தியார் தம் பெயரைச் சொல்லவில்லை. மனைவி பெயரையும் சொல்லவில்லை. "ஏழுமலைங்க. நட்சத்திரம் தெரியாது" என்றார்.

செத்தவர் பெயருக்கு அருச்சனை செய்வது முறையல்ல. அது குருக்களுக்குத் தெரியாதா? ஏழுமலை யார், எங்கே எப்படிக் கிடந்தார் என்பதும் ஊருக்கே தெரியும். ஆணையர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குருக்கள் பூவை எடுத்து, ஏழுமலை நாமதேயஸ்ய என்று கணீரென்று சொல்லி, அஞ்சேலீசர் திருவடியில் இட்டார். தீபாராதனை காட்டியதும் தூக்கியவர்கள் தோள் வைத்தார்கள். சப்பரம் கனமே இல்லாமல் எழுந்தது. குப்பம்மாவும் மற்றவர்களும் அதற்கு வழிவிட்டு, அது போனதும் உள்ளே வந்தார்கள்.

மறுநாள் பூட்டோடு யாரும் வரவில்லை. நிதி வந்ததா என்று கேட்பீர்கள். அரைகுறையாக வந்தது, பிறகு நின்றது, மறுபடி கொஞ்சம் வந்தது. கோப்பு இன்னும் இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அஞ்சேலீசர் இறங்கி அருச்சனை ஏற்ற இடத்தைப் பூட்ட எந்தக் கையும் துணியவில்லை. ஆண்டுதோறும் கார்த்திகையில் சாமி அங்கே இறங்குகிறார், காளத்தியார் பரிவட்டம் கட்டிக்கொள்கிறார், அருச்சனை ஏழுமலை பெயருக்குத்தான் நடக்கிறது.

ஈசனே வாசல் தேடி வந்து நின்றபோதும் தமக்கென்று ஒன்றும் கேட்காமல், மழையில் செத்த ஓர் ஏழையின் பெயரைச் சொன்னாரே, அந்தக் காளத்தியாரின் அன்பு வாழ்க.