பாறையடி ஊரின் பரிவட்டம்

கேளுங்கள் பெரியோரே, பிள்ளைகளே. வாளுக்கு அஞ்சாத அரசர்களும் ஆற்றுக்கு அஞ்சி ஆண்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் செவ்வாற்றின் கரையில் பாறையடி என்று ஓர் ஊர். ஊருக்குப் பின்னால் யானை படுத்திருப்பது போல ஒரு பெரும்பாறை. அதன் உச்சிக்குப் போக ஒரே வழிதான். அந்த வழியின் வாயில் இரண்டு கற்களுக்கு நடுவே ஓர் இடுக்கு. ஒரு சமயத்தில் ஓர் ஆள்தான் நுழையலாம்.

ஒரு வருஷம் செவ்வாறு பெருகி, மேற்கே இருந்த ஊர்களை வாரிக்கொண்டு போனது. அரசன் கலங்கிப்போனான். ஆற்றங்கரை ஊர்களுக்கெல்லாம் ஆணை அனுப்பினான்.

“ஆண்டுக்கு ஒரு நாள், மழை பிறக்குமுன், முரசு அறையுங்கள். முரசு கேட்டதும் குழந்தை, முதியவர், நோயாளி எல்லோரையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறிப் பழகுங்கள். முரசு அறையும்போதே ஓர் உலை ஏற்றுங்கள். உலை கொதிக்குமுன் ஊர் மேலே இருக்க வேண்டும்.”

பாறையடிக்குத் தலைவர் மருதவாணர். ஐம்பதைக் கடந்தவர். ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, சரியாகத்தான் செய்தோமா என்று படுக்கையில் புரளுகிற மனிதர். ஊரின் இரண்டு தெருக்களில் மேலத்தெருவில் பிறந்தவர். ஒரே மகள் வடிவைக் கீழத்தெருவில் கட்டிக்கொடுத்திருந்தார்.

முதல் வருஷம் முரசு அறைந்தார். ஊரே ஏறியது. பிணங்கள் மிதந்து போனதைப் பார்த்த கண்கள் இன்னும் மறக்கவில்லை.

இரண்டாம் வருஷம் அறைந்தார். பாதி ஊர் ஏறியது. மீதிப் பாதி, “மேகத்தையே காணோம், முரசு எதற்கு?” என்று கேட்டது.

மூன்றாம் வருஷம் அறைந்தார். அவரும் அவர் மனைவியும் மட்டும் ஏறினார்கள். முரசு அறைந்தவன்கூடப் பாதி வழியில், “ஐயா, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்” என்று திரும்பிவிட்டான்.

மருதவாணருக்குச் சோறு இறங்கவில்லை. அதட்டினால் வருவார்களா? வரமாட்டார்கள். அழுதால்? சிரிப்பார்கள். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை தோன்றியது. ‘இந்த ஊர் எதற்கு ஓடி வரும்? மரியாதைக்கு ஓடி வரும்.’

நான்காம் வருஷம் ஊரார் முன் அறிவித்தார். “முதலில் ஏறுகிற தெருவின் பெரியவருக்குக் கோயில் பட்டுத் துணியால் தலையில் பரிவட்டம் கட்டி, மாலை போடுவோம்.”

அவ்வளவுதான். முரசுச் சத்தம் அடங்குமுன் இடுக்கின் முன்னால் ஊர் நின்றது. உலையில் தண்ணீர் சுடக்கூட இல்லை. மருதவாணர் அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த வருஷம் மேளம் வந்தது. அதற்கடுத்த வருஷம் வாழைமரத் தோரணம் வந்தது. அதற்கும் அடுத்த வருஷம் கம்புகள் வந்தன, மண்டைகள் உடைந்தன. பெரியவர்கள் கூடி, ஒரு வருஷம் மேலத்தெரு முதலில், மறுவருஷம் கீழத்தெரு முதலில் என்று முறை வைத்தார்கள். அரசனின் அதிகாரி வந்து பார்த்துவிட்டு, “இப்படியல்லவா இருக்க வேண்டும் ஓர் ஊர்!” என்று புகழ்ந்துவிட்டுப் போனார்.

ஆனால் ஊர் அந்த இடுக்கில் ஒவ்வோர் ஆளாக நுழைவதை மருதவாணர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் இரண்டு தெருப் பெரியவர்களையும் அழைத்தார். மேலத்தெருவுக்குக் காளிங்கன், அவருடைய பங்காளி. கீழத்தெருவுக்குச் சோலைமலை, வடிவின் மாமனார்.

“இடுக்கை வெட்டி அகலமாக்கிவிடுவோம். நாலு பேர் சேர்ந்தாற்போல ஏறலாம்” என்றார்.

“நாலு பேர் சேர்ந்து ஏறினால் அதில் முதல் ஆள் யார் அண்ணே?” என்றான் காளிங்கன்.

“ஒரு பெண்ணுக்கு நாலு மாப்பிள்ளையா சம்பந்தி?” என்று சோலைமலை தொடையில் தட்டிச் சிரித்தார்.

இரண்டு தெருவும் ஒரே பேச்சாக நின்றது அன்றைக்குத்தான். வற்புறுத்தினால் ஏறவே வரமாட்டார்களோ என்று பயந்து மருதவாணர் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு ஒரு வருஷம் கோயில் பூசாரி இறந்துபோனார். தீட்டு என்று பாறையேற்றம் நின்றது. அது கீழத்தெருவின் முறை. ‘முறை கழிந்துவிட்டது, இனி எங்களுடையது’ என்றது மேலத்தெரு. ‘ஏறாத முறை எப்படிக் கழியும்?’ என்றது கீழத்தெரு. அரசன் தீர்ப்புச் சொல்லட்டும் என்று ஆள் அனுப்பினார்கள்.

போன ஆள் திரும்புமுன் ஆறு வந்துவிட்டது.

பட்டப்பகல். ஊரில் ஒரு துளி மழை இல்லை. மேற்கே மலையில் கொட்டிய மழை, வேரோடு மரங்களைப் புரட்டிக்கொண்டு வந்தது. கரையில் நின்றவன் ஓடிவந்து சொன்னதும் முரசு அறைந்தார்கள்.

என்ன சொல்ல! அவர்கள் எதையும் மறக்கவில்லை. அடுப்பை அணைத்தார்கள். ஆடுமாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். நோயாளிகளைக் கட்டிலோடு தூக்கினார்கள். அரிசி மூட்டையோடு, ஒரு குழந்தைகூடத் தவறாமல், ஊர் முழுவதும் இடுக்கின் முன்னால் வந்து சேர்ந்தது. ஆறு அப்போது இன்னும் வயலுக்கு அப்பால் இருந்தது.

வந்தவர்கள் நின்றார்கள்.

“ஏறுங்கள்!” என்று கத்தினார் மருதவாணர்.

“யார்?” என்று கேட்டான் காளிங்கன்.

“யாராவது! கீழத்தெரு முன்னால் நிற்கிறது, அவர்களே ஏறட்டும்!”

காளிங்கன் கசப்பாகச் சிரித்தான். “பெண் கொடுத்த இடத்துக்கு விட்டுக்கொடுக்கிறீரா அண்ணே? இன்றைக்கு ஏறிவிட்டு, நாளைக்கு இதையே சாட்சியாகச் சொல்வார்கள்.” மேலத்தெரு இளைஞர்கள் இடுக்கின் குறுக்கே கம்பை நீட்டினார்கள்.

“அப்படியானால் மேலத்தெருவே ஏறுங்கள்!”

“சொந்தத் தெருவுக்குப் பேசுகிறார் பாருங்கள்” என்றார் சோலைமலை. கீழத்தெருவின் கம்புகளும் நீண்டன.

மருதவாணர் காளிங்கன் காலில் விழுந்தார். சோலைமலை காலில் விழுந்தார். இருவரும் பதறி விலகினார்கள். ஆனால் வழியை விடவில்லை. அவர் மகளிடம் ஓடினார். வடிவின் இடுப்பில் கைக்குழந்தை.

“ஏறம்மா, குனிந்து நுழைந்துவிடு!”

வடிவு ஆற்றைப் பார்த்தாள். மாமனாரைப் பார்த்தாள். “மாமா ஒரு வார்த்தை சொல்லட்டும் அப்பா. நான் பாட்டுக்குப் போனால் நாளைக்கு அந்த வீட்டில் எப்படி இருப்பேன்?”

அவிழ்த்துவிட்ட ஆடுகள் கம்புகளுக்குக் கீழே புகுந்து வரிசையாக மேலே ஏறின. அன்று பாறையில் முதலில் ஏறியவை அவைதான். அவற்றை யாரும் தடுக்கவில்லை. அவற்றுக்குத் தெரு இல்லையே.

முதலில் கணுக்காலைத் தொட்டது தண்ணீர். கம்புகள் அசையவில்லை. பிறகு முழங்காலைத் தொட்டது. கம்புகள் நடுங்கின. பிறகு ஒரு பெண் அலறினாள். அந்த அலறலில் இரண்டு தெருவும் உடைந்து, அந்த ஓர் ஆள் வழிக்குள் ஒரே நேரத்தில் பாய்ந்தது.

அதற்குமேல் விவரிக்க வேண்டாம். இடுக்கு மனிதர்களால் அடைபட்டது. நெரிசலில் மருதவாணரை யாரோ தூக்கி உள்ளே தள்ளினார்கள். அவர் பிழைத்தார். காளிங்கன் பிழைத்தான். ஊரில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. சோலைமலை இல்லை. வடிவு இல்லை. குழந்தையும் இல்லை.

வெள்ளம் வடிந்தபின் அரசனின் அதிகாரி வந்தார்.

“முரசு தாமதமாக ஒலித்ததா?”

“இல்லை” என்றார் மருதவாணர்.

“ஊருக்குக் கேட்கவில்லையா?”

“கேட்டது.”

“மேடு எட்டாத தூரமா?”

“கையெட்டும் தூரம்.”

“பிறகு என்னதான் நடந்தது?”

“பயத்துக்கு அவர்கள் வரவில்லை ஐயா. பரிவட்டத்தைக் காட்டினேன், வந்தார்கள். பரிவட்டத்துக்கு வந்தவர்கள் பரிவட்டத்துக்காகவே நின்றுவிட்டார்கள். அதைக் காட்டாமல் இருந்திருந்தால் யாருமே வந்திருக்கமாட்டார்களோ, என்னவோ. அன்றிலிருந்து இதைத்தான் யோசிக்கிறேன். எனக்கு விடை தெரியவில்லை.”

அதிகாரி எழுந்து போய் இடுக்கைப் பார்த்தார். இடுக்கை வெட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

எஞ்சியவர்கள் உளியும் கடப்பாரையும் எடுத்தார்கள். மேலத்தெரு எது, கீழத்தெரு எது என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு எந்தத் தெருவிலும் ஆள் இல்லை. கல் மிருதுவான கல். பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. தோரணம் கட்டுவதற்கு ஆகிற பாடுகூட ஆகவில்லை. நாலு பேர் சேர்ந்து போகிற வழி தானாகத் திறந்தது போலத் திறந்துகொண்டது.

காளிங்கன் கடப்பாரையைக் கீழே போட்டான். “இவ்வளவுதானா அண்ணே?” என்றான்.

மருதவாணர் அந்தக் கடப்பாரையைத் தாண்டி நடந்தார். அந்த அகலமான வழியின் நடுவே போய், கற்சில்லுகளின் மேல் உட்கார்ந்தார். எழுப்பப் போனவர்களை அவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. தாராளமாக நடந்து போகக்கூடிய அந்த வழியில், அன்று மேலே போக யாருக்கும் கால் வரவில்லை.

கதை இவ்வளவுதான், நல்லவர்களே. இதன் நீதி: உயிர் காக்கப் பழகும் பழக்கத்தில் பெருமையைக் கலந்துவிட்டால், ஆபத்து வரும் நாளில் மனிதர்கள் உயிரை விட்டுவிட்டுப் பெருமையையே காப்பார்கள்.