மூவர் கேட்ட பாவம்

செய்த குற்றத்தை "என்னுடையது அல்ல" என்று தள்ளிவிடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. "அது என்னுடையது, எனக்கே கொடுங்கள்" என்று ஒரே பாவத்துக்கு மூன்று பேர் முட்டிமோதிய ஊர் ஒன்று இருந்தது. சிப்பித்துறை என்று பெயர். யாருக்கு அது சேரும் என்று தீர்ப்புச் சொல்லவேண்டிய பொறுப்பு ஒரு தாயின் தலையில் விழுந்தது. செத்தவன் அவளுடைய மகன்.

மதலேனம்மாளின் மகன் தொம்மை முத்துக்குளிப்பவன். கடலடியில் மூச்சு முட்டும்போது அவன் கயிற்றைச் சுண்டுவான். வள்ளத்தில் இருப்பவன் உடனே இழுத்துத் தூக்கவேண்டும். உயிரையே ஒப்படைக்கிற வேலை என்பதால் மனைவியின் உடன்பிறந்தானைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள். தங்கை தாலி அறுக்க எந்த அண்ணன் சம்மதிப்பான்? அப்படித்தான் தொம்மையின் கயிறு மைத்துனன் சந்தியாகுவின் கையில் இருந்தது.

அந்த வருஷம் முத்துக்குளிப்பு தொடங்கிய சில நாளில், ஒரு காலையில் தொம்மை தன் மனைவி பிரகாசியை அடித்தான். கன்னம் வீங்க அவள் கரைக்கு ஓடினாள். வள்ளம் தள்ளிக்கொண்டிருந்த அண்ணனிடம் முகத்தைக் காட்டி அழுதாள்.

"பாருண்ணே. அவன் மூச்சு உன் கையிலதான கிடக்கு? ஒரு நாளாவது அவனும் தவிச்சுப் பாக்கட்டும்."

சந்தியாகு வள்ளத்தைத் தண்ணீருக்குள் தள்ளினான். சற்றுப் பொறுத்துத் தொம்மை வந்து ஏறினான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே கடலுக்குப் போனார்கள்.

நடுக்கடலில் கயிறு சுண்டியது. சந்தியாகு இழுக்கவில்லை. கொஞ்சம் தவிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். மறுபடியும் சுண்டியது. வள்ளத்தின் பின்பக்கம் சுக்கான் பிடித்திருந்த இன்னாசி வெற்றிலை மென்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தொம்மையோடு பகையும் இல்லை, சந்தியாகுவோடு உறவும் இல்லை. 'மச்சானும் மச்சானும், நமக்கென்ன' என்று இருந்துவிட்டான். கயிறு மூன்றாம் முறை சுண்டவில்லை. பதறிப்போய் சந்தியாகு இழுத்தபோது உடல்தான் வந்தது.

கடல் கொண்டுபோயிற்று என்று ஊர் நம்பியது. மதலேனம்மாளும் நம்பினாள். ஆனால் அதன்பின் அந்த மூவரும் பழைய மனிதர்களாக இல்லை. அவள் அதைக் கவனித்தாள், காரணம்தான் விளங்கவில்லை. வாயாடியான பிரகாசி பேச்சையே விட்டாள். மாமியாருக்குச் சோறு போட்டுவிட்டு, தான் உண்ணாமலே சட்டியைக் கழுவிக் கவிழ்ப்பாள். சந்தியாகு பிடித்த மீனில் நல்லதை மதலேனம்மாளின் வாசலில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். யார் வீட்டில் சாவு என்றாலும் குழி வெட்ட முதலில் நின்றான். "மனுஷன்னா இவன்தாம்வே" என்றார்கள் ஊரார். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அவன் முகம் சாம்பல் பூத்தது. சிரித்துப் பேசும் இன்னாசியோ எரிந்து விழுகிறவனானான். பிறர் செய்யும் சின்னத் தப்பையும் சந்தியில் நிறுத்திக் கேட்டான்.

அடுத்த குளிப்புக்கு முன், கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. கயிறு பிடிப்பவர்களுக்கெல்லாம் சந்தியாகுவே தலைவன் என்று பெரியவர்கள் முடிவு செய்து, புதுக் கயிறு ஒன்றை அவன் கையில் கொடுத்தார்கள். அவன் அதை வாங்கிக் கீழே வைத்தான். அப்படியே முழங்காலில் விழுந்தான்.

"தொம்மையைக் கொன்னவன் நான். அவன் சுண்டினான். வேணும்னேதான் இழுக்கல."

பிரகாசி பெண்கள் பக்கமிருந்து ஓடி வந்தாள். "அவனை விடுங்க! தவிக்கட்டும்னு சொன்னவ நான். நான் சொல்லலைன்னா எங்கண்ணன் கை நின்னிருக்காது. பாவம் என்னுது."

"ரெண்டு பேரும் எந்திரிங்க" என்று இன்னாசி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். "நான் பாத்துக்கிட்டே இருந்தேன். 'இழுலே'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் இழுத்திருப்பான். சொல்லல."

உயிர் போன குற்றத்துக்கு ஒருவர் ஊரை விட்டுப் போகவேண்டும் என்பது அங்கே ஊர்க்கட்டுப்பாடு. பெரியவர்கள் மதலேனம்மாளைப் பார்த்தார்கள். "பெத்தவ நீ. யாருன்னு நீயே சொல்லும்மா."

அவள் எழுந்தாள். தினமும் தன் வாசலில் மீன் வைத்த கை ஒன்று. தனக்குச் சோறு வடித்த கை ஒன்று. இன்னொருவன் மகனைக் காப்பாற்றவும் இல்லை, அவன் சாகவேண்டும் என்று நினைக்கவும் இல்லை. மூன்று முகங்களும் 'என்னைச் சொல்' என்று அவளைக் கெஞ்சின.

கேட்பவர்களே, சொன்னவள், செய்தவன், பார்த்திருந்தவன், இந்த மூவரில் யாருடைய பாவம் பெரிது? அந்தத் தாய் யாரைக் காட்டியிருக்கவேண்டும்?

விடை: அவள் இன்னாசியைக் காட்டினாள். ஊர் முணுமுணுத்தது. "என் மகனைக் கொன்னது சந்தியாகு கைதான். அதை நான் சாகிறவரைக்கும் மன்னிக்கமாட்டேன்" என்றாள். "ஆனா அவனுக்குக் கோவம் கண்ணை மறைச்சுது. இவளுக்கு வலி மறைச்சுது. உனக்கு எதுய்யா மறைச்சுது, இன்னாசி?" கோபமும் வலியும் அறிவை மறைக்கும். எதுவும் மறைக்காதிருந்தும் சும்மா இருந்தவனின் பாவமே பெரிது என்பது அவள் கண்ட நியாயம். அன்றே அவன் மூட்டையோடு புறப்பட்டான். எல்லை தாண்டும்போது ஒரு வருஷமாக இறங்காத பாரம் இறங்கினவன்போல நிமிர்ந்து நடந்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பிரகாசியும் சந்தியாகுவும் முற்றத்திலேயே நின்றார்கள். கேட்ட தண்டனை அவர்களுக்குக் கிடைக்கவில்லை.