அஞ்சலையின் பைஜாமா

பலகை அறுக்கிற ரம்பம் போன்ற அந்தக் குறட்டை இன்னும் என் காதில் இருக்கிறது. அது எங்கள் அடுக்ககத்துச் சங்கத் தலைவர் தணிகாசலத்தினுடையது.

அஞ்சலை அங்கே ஐந்து வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். ஒரு பொங்கலுக்குக் கடை கடையாக ஏறி இறங்கி, வெள்ளைக் கரை வைத்த கருநீலப் பைஜாமா செட் ஒன்றை எடுத்தாள். காலரும் உண்டு, இரண்டு பாக்கெட்டும் உண்டு. அதைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தாள்.

தலைவர் கேட்டில் மறித்தார். "ராத்திரி உடுப்புல உள்ள வரக் கூடாது. மத்தியானக் கூட்டத்துல தீர்மானம் போடறேன். நாளையிலேர்ந்து இப்படி வந்தா உனக்கு வேலை கிடையாது."

"ராத்திரி உடுப்புன்னா எதுங்க ஐயா?"

"போட்டுக்கிட்டுத் தூங்குறது."

"இதுல நான் தூங்க மாட்டேங்க, கசங்கிடும். நம்ம அம்மாங்க நைட்டியோட கீரை வாங்க வர்றாங்களே?"

"மேல துண்டு போட்டிருக்காங்கல்ல? துண்டு போட்டா மரியாதை."

சாப்பாட்டுக்குப் பிறகு கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். செயலாளர் போன மாதத்துக் குறிப்பை வாசிக்க, தலைவர் பேன்ட் சட்டையோடு நாற்காலியில் குறட்டை விட்டார். டீ கொண்டுவந்த அஞ்சலை பாக்கெட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அவர் மார்பின் மேல் பாந்தமாகப் போர்த்தினாள்.

அவர் திடுக்கிட்டு விழித்தார். "என்னது இது?"

"தூங்கின உடுப்பாச்சேங்க ஐயா. இத்தனை பேர் இருக்காங்க, மரியாதையா இருக்கட்டுமேன்னுதான்."

நைட்டிக்காரிகள்தான் முதலில் சிரித்தார்கள். தலைவர் தீர்மானத்தை எடுக்கவே இல்லை.

அஞ்சலை அங்கே இன்னும் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள்.