ஈ கடித்தும் அசையாத குதிரை

அந்தக் காலத்தில் ஈயும் எறும்பும்கூட மனிதரோடு வாய்கொடுத்துப் பேசின. அப்போது கிரேக்க தேசத்துக் கொரிந்து நகரத்தில் மிர்ரினி என்றொரு பெண் இருந்தாள். குயவர் வனைந்து தரும் ஜாடிகளில் சித்திரம் எழுதுவது அவள் வேலை.

ஒருநாள் கோயில் பூசாரி வந்து, "திருவிழாவுக்குப் பெரிய ஜாடி ஒன்று வேண்டும். பெல்லரோஃபோன் தலைகீழாக விழுவதை அதில் எழுது. பார்க்கிறவன் நடுங்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெல்லரோஃபோன் அந்த ஊரில் பிறந்த வீரன். சிறகுள்ள குதிரையில் ஏறிப் போய், நெருப்புக் கக்கிய கிமைரா என்ற கொடிய விலங்கைக் கொன்றவன். அதன் பிறகு, தேவர்கள் வாழும் மலையையும் பார்த்துவிடலாம் என்று மேலே பறந்தான். தேவராஜன் சீயஸுக்குக் கோபம் வந்தது. ஓர் ஈயை ஏவினான். ஈ கடித்தது, குதிரை துள்ளியது, வீரன் முள்புதரில் வந்து விழுந்தான். கால் ஒடிந்தது. தேவகோபத்துக்கு ஆளானவன் என்று எவரும் அவனை வாசற்படி ஏற்றவில்லை.

மிர்ரினி பாதி எழுதியிருந்தபோது, நொண்டிக்கொண்டு வந்த ஒருவன் பட்டறை வாசலில் நின்று ஜாடியையே பார்த்தான்.

"கையை இப்படி விரிக்கவில்லை, அம்மா. பிடரிமயிரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்."

அவள் தூரிகை அப்படியே நின்றுவிட்டது. "நீங்களா?"

"நான்தான். விரட்டுவதானால் விரட்டு. பழகிவிட்டது."

அவள் விரட்டவில்லை. உட்காரவைத்து ரொட்டி கொடுத்தாள். "மேலே போகும்போது எப்படி இருந்தது, ஐயா?" என்று கேட்டாள்.

அவன் மெல்லுவதை நிறுத்தினான். போன ஊரிலெல்லாம் விழுந்த கதையைத்தான் அவனிடம் கேட்டிருந்தார்கள்.

"குளிர். காது அடைத்துக்கொண்டது. கடல் கீழே ஒரு தட்டு மாதிரி கிடந்தது. நான் சிரித்தேன். குதிரையும் சிரித்தது."

"இப்போது வருத்தமாக இருக்கிறதா?"

"கால் வலிக்கிறது. குதிரை கிடைத்தால் நாளைக்கே ஏறுவேன்."

மிர்ரினி ஈரத்துணியை எடுத்து, தலைகீழாக விழுந்தவனைத் துடைத்து அழித்தாள். அதே இடத்தில் சிறகு விரித்த குதிரையையும், அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்த வீரனையும் எழுதிச் சூளையில் வைத்தாள்.

ஜாடி வெந்து வெளியே வந்த அன்று, பூசாரி கோவேறு கழுதையில் வந்து இறங்கினார். சித்திரத்தைப் பார்த்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"தேவர்கள் தள்ளிவிட்டவனை நீ ஏற்றி வைக்கிறாயா?"

"அவர் விழுந்ததைச் சொல்ல ஊரே இருக்கிறது, பூசாரியாரே. ஏறியதைச் சொல்ல நான் ஒருத்தி இருந்துவிட்டுப் போகிறேன்."

பூசாரி வானத்தைப் பார்த்து, சீயஸ் ஏவிய அந்த ஈயை அழைத்தார். அது ரீங்காரமிட்டுக்கொண்டு இறங்கியது.

"பறக்கிற குதிரையையே ஆட்டிவைத்தவன் நான். இந்த மண்குதிரை எம்மாத்திரம்?" என்றது.

"கடித்துப் பார்" என்றாள் மிர்ரினி. உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும் ஜாடியை ஈயின் பக்கமே திருப்பி வைத்தாள்.

ஈ கடித்தது. குதிரை அசையவில்லை. வயிற்றில் கடித்தது, தொடையில் கடித்தது, வாலடியில் கடித்தது. அதன் வாய் மழுங்கியதுதான் மிச்சம். வீரன் உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தான். ஜாடியைப் பார்க்க வந்து சுவரோரம் நின்றிருந்த பெல்லரோஃபோன் வாய்விட்டுச் சிரித்தான்.

"உயிருள்ள ஒரு குதிரையையும் இனி நிம்மதியாக நிற்கவிட மாட்டேன்!" என்று சீறிய ஈ, கோவேறு கழுதையின் மேல் பாய்ந்தது. கழுதை உதைத்துக்கொண்டு தெருவோடு ஓட, பூசாரியும் அதன் பின்னால் ஓடினார்.

மறுநாள் அந்தத் தெருவில் ஒரு சித்திரக்காரனும் விழுகிற வீரனை எழுதவில்லை.

ஈ குதிரையைத் தேடித் தேடிக் கடிப்பதும், குதிரை தோலைச் சிலிர்த்து வாலை வீசுவதும் அன்று தொடங்கியவைதான். ஜாடியிலும் கல்லிலும் பெல்லரோஃபோன் குதிரைமேல் நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பதும் அன்றிலிருந்துதான்.